மணல் திட்டைக் காக்காமல் ஆலாவைக் காக்க முடியாது

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்து லயத்தில் வளர்ந்த எனக்கு, ஆற்று மணல் என்றாலே நீர் சொட்டச் சொட்டச் செம்மண் சாலையில் போகும் லோரிகள்தாம் நினைவுக்கு வரும். அது அள்ளுபவருக்குரிய பொருள் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். கடந்த மார்ச்சில் வட இந்தியாவின் சம்பல் ஆற்றில் படகில் சென்றபோது அந்த எண்ணம் மாறியது.

அங்கே கருவயிற்று ஆலா என்னும் பறவையைக் கண்டேன். ஏறத்தாழ 33 செ.மீ. நீளம், ஆழமாகப் பிளவுபட்ட வால், செம்மஞ்சள் அலகு, கரிய தொப்பி. இனப்பெருக்கக் காலத்தில் வயிறும் கறுத்துவிடும். ஆலா என்றதும் நாம் கடலை நினைக்கிறோம். இதுவோ மீனுக்கும் பூச்சிக்கும் கூட்டுக்கும் ஆற்றையே நம்பியிருக்கும் பறவை.

மழைக்காலம் முடிந்து நீர் வடிய வடியத் தலைகாட்டும் மணல் திட்டுகளில், பிப்ரவரி முதல் இது முட்டையிடுகிறது. புல்லோ சருகோ இல்லாத சிறு பள்ளமே கூடு. மணல் நிறத்தில் புள்ளியிட்ட மூன்று முட்டைகள் காலடியில் கிடந்தாலும் கண்ணுக்குத் தெரியா. சுடுமணலில் அவை வெந்துவிடாதிருக்க, ஆற்றில் வாழும் ஆலாக்கள் வயிற்று இறகுகளை நீரில் நனைத்து வந்து அவற்றின்மேல் அமர்வதுண்டு. அந்தப் பொறுமையை நினைக்கும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது.

இந்தப் பறவையின் ஆபத்து நீரின் அளவிலேயே இருக்கிறது. மேலே அணை திறந்தால் முட்டைகள் அடித்துச் செல்லப்படுகின்றன. நீரை அளவுக்கு மீறி எடுத்துவிட்டால், தீவாக இருந்த திட்டு கரையோடு சேர்ந்துவிட, நாய்களும் நரிகளும் மாடுகளும் நடந்தே வந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, மணல் அள்ளுவோரும் வெள்ளரி, தர்பூசணி பயிரிடுவோரும் அதே மாதங்களில் அதே திட்டுகளுக்குத்தான் வருகிறார்கள். நம் அண்டை நாடான தாய்லாந்தின் ஆறுகளிலும் ஒரு காலத்தில் வாழ்ந்த இப்பறவை இன்று அங்கே இல்லை.

சம்பல் ஆற்றின் ஒரு பகுதி 1979-ஆம் ஆண்டிலிருந்தே சரணாலயமாக இருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் வரைபடத்தில் எல்லை போடுவதால் மட்டும் குஞ்சு பொரியாது. அடைகாக்கும் ஏறத்தாழ மூன்று வாரங்களும், குஞ்சுகள் பறக்கத் தொடங்கும் வரையிலான நாள்களும் அணைநீர் ஒரே சீராக வர வேண்டும். கூடுள்ள திட்டுகளுக்கு கரையோரக் கிராமத்தவரையே காவலுக்கு அமர்த்தி, அவர்களுக்குக் கூலியும் தர வேண்டும். காவல் வேண்டியது ஆண்டில் சில மாதங்களே.

மலேசியாவில் இல்லாத பறவைக்காக ஏன் இவ்வளவு பேசுகிறாய் என்று மாமா கேட்டார். நம் கடற்கரை மணலிலும் சின்ன ஆலா இதே போல வெறுந்தரையில்தான் முட்டையிடுகிறது, மாமா, என்றேன்.