இரண்டு 4070-களும் ஒன்றல்ல

ஞாயிற்றுக்கிழமை, லேப்டாப்களை மதிப்பாய்வு செய்யும் ஒருவரின் நேரலையில், என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4070 கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றி நடந்த பேச்சை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காக அதை முழுவதுமாக மறுபடி விவரிக்கும் மனநிலையில் நான் இல்லை. "ஆர்டிஎக்ஸ் 4070 லேப்டாப் வாங்கினால் போதும், மேசைக்கணினியில் இருப்பதும் அதே 4070தான்" என்று இத்தனை ஆயிரம் பேர் பார்க்கும் இடத்தில் அவர் சொன்னதும், அந்த லேப்டாப் எத்தனை வாட்டில் ஓடுகிறது என்று நான் கேட்டதற்கு "வயிற்றெரிச்சல்" என்ற ஒரு சொல் பதிலாக வந்ததும், அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டியதும் எனக்கு வலித்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இரண்டும் ஒன்றல்ல. மேசைக்கணினியின் 4070-இல் இருப்பது ஏடி104 என்ற சிப். அதில் கணக்குப்போடும் சிறு அலகுகளான குடா கோர்கள் 5888, 12 ஜிபி நினைவகம், 200 வாட் மின்சாரம். லேப்டாப்பின் 4070-இல் இருப்பது அதைவிடச் சிறிய ஏடி106. 4608 கோர்கள், 8 ஜிபி நினைவகம். நினைவகப் பாதை 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறைந்து, நொடிக்கு 504 ஜிபி போகவேண்டிய இடத்தில் 256 ஜிபிதான் போகிறது. இதே ஏடி106-ஐ மேசைக்கணினிக்கு விற்கும்போது அதற்கு 4060 டிஐ என்று பெயர். அதாவது, ஒரே சிப் மேசையில் ஒரு படி கீழே உட்கார்ந்திருக்கிறது, மடியில் ஒரு படி மேலே ஏறிவிடுகிறது.

இதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. லேப்டாப் 4070-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவில் வேண்டுமானாலும் பொருத்திக்கொள்ளத் தயாரிப்பாளர்களுக்கு அனுமதி உண்டு. மெல்லிய உடலுக்குள் குறைந்த வாட்டில் மூச்சுமுட்டும் 4070-ஐ, கனமான உடலில் முழு வாட்டில் ஓடும் 4060 முந்திவிடக்கூடும். அதிக விலை கொடுத்தவர் பின்னால் நிற்பார், ஏன் என்றே அவருக்குத் தெரியாது. வாட் எவ்வளவு என்று கேட்பது வயிற்றெரிச்சல் ஆகாது. வாங்குகிறவன் கேட்கவேண்டிய முதல் கேள்வியே அதுதான்.

என் அக்கா மகன் அனிமேஷன் படிக்கிறான். நகையை அடகு வைத்துத்தான் அவனுக்கு லேப்டாப் வாங்கினார்கள். கடையில் "4070 தம்பி, டெஸ்க்டாப்புக்குச் சமம்" என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். அதே பெயருள்ள கார்டை மேசைக்கணினியில் வைத்திருக்கும் நண்பனின் வீட்டில் முழுதாக ஓடிமுடிந்த பிளெண்டர் என்ற முப்பரிமாண அனிமேஷன் மென்பொருளின் கோப்பு, இவன் லேப்டாப்பில் நினைவகம் போதாமல் பாதியில் நின்றது. தான்தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்று நினைத்து, விண்டோஸை அழித்து மறுபடி நிறுவி, வீட்டில் சொல்லப் பயந்து, கடைசியில்தான் "மாமா, கொஞ்சம் பாருங்க" என்று என்னிடம் வந்தான். என்விடியா கண்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து, அதிகபட்ச கிராஃபிக்ஸ் பவர் என்ற வரியைக் காட்டினேன்: 80 வாட். அதற்குச் சற்றுக் கீழேயே 8 ஜிபி என்றிருந்தது. அவன் எதையும் கெடுக்கவில்லை. கடைக்காரரிடம் போய்க் கேட்டபோது, "அதையெல்லாம் யாரு சார் பாக்குறாங்க" என்றார்.

"அப்படியானால் லேப்டாப்பே வாங்கக்கூடாதா?" என்று கேட்பீர்கள். நான் அப்படி எங்கே சொன்னேன்? விடுதியில் இருப்பவருக்கும் ஊர் ஊராக அலைபவருக்கும் வேறு வழியில்லை. மேசைக்கணினியில் கார்டுக்கு மட்டுமே 200 வாட் கிடைக்கிறது. லேப்டாப்பில் பிராசஸரும் கிராஃபிக்ஸும் ஒரே வெப்பக்குழாயையும் ஒரே ஜோடி விசிறியையும் பங்குபோட வேண்டும். அது இயற்பியல், அதில் யார் மீதும் எனக்குக் கோபமில்லை. என் கோபம் முழுவதும் பெயர் மீதுதான்.

"அதிகாரப்பூர்வப் பெயரிலேயே லேப்டாப் ஜிபியு (கிராஃபிக்ஸ் சிப்) என்று இருக்கிறதே" என்று ஒரு நண்பர் வாதிட்டார். இருக்கிறது. விலைச்சீட்டில் இருக்கிறதா? உடலில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ அந்த நேரலையிலோ அந்த இரண்டு சொற்கள் வந்தனவா? ஒரு காலத்தில் 980எம் என்று, மொபைல் என்பதைக் குறிக்கும் எம் எழுத்தைச் சேர்த்து நேர்மையாக விற்றார்கள். 2016-இல் 10 வரிசை வந்தபோது, லேப்டாப் 1080-இலும் மேசை 1080-ஐப் போலவே 2560 கோர்கள் இருந்ததால், எம் எழுத்தை எடுத்ததில் நியாயம் இருந்தது. 2021-இல் 30 வரிசை லேப்டாப்புக்கு வந்தபோது, மேசையின் 3080-க்கு ஜிஏ102, லேப்டாப்பின் 3080-க்கு ஜிஏ104 என்று சிப்பே வேறாகிப்போனது. எம் மட்டும் திரும்பி வரவில்லை. போட்டி நிறுவனமான ஏஎம்டி 2023-இல்கூட 7900எம் என்றுதான் பெயர் வைத்தது. ஆகவே முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

"கேம் ஓடினால் போதும், இந்தக் கணக்கெல்லாம் சாதாரண ஆளுக்கு எதற்கு?" என்று எழுதியவருக்குத்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. சாதாரண ஆள்தான் ஐயா கடன் வாங்கி வாங்குகிறான். வசதி உள்ளவன் சரியில்லை என்றால் அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்வான். லேப்டாப்பில் கார்டை மட்டும் கழற்றி வேறு போடவும் முடியாது. படிப்பு முடியும்வரை, சிலருக்கு முதல் வேலை கிடைத்த பிறகும், அந்த ஒன்றோடுதான் காலம் தள்ள வேண்டும். அவனுக்குத் தெரியவேண்டாம் என்று முடிவு செய்ய நீங்கள் யார்?

4060-இல் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. இரண்டு பக்கமும் அதே ஏடி107, அதே 3072 கோர்கள், 115 வாட் கொடுத்தால் ஏறக்குறைய சமமாக ஓடும். மேலே போகப் போகத்தான் இடைவெளி விரிகிறது. மேசையின் 4090-இல் 16384 கோர்கள், 450 வாட். லேப்டாப்பின் 4090-இல் 9728 கோர்கள், முழுதாகத் திறந்துவிட்டாலும் 175 வாட். 2025-இல் வந்த 5090-இல் மேசைக்கு 21760, லேப்டாப்புக்கு 10496, பாதிகூட இல்லை. இரண்டுக்கும் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் ஒரே எண்தான். பெயரை மாற்றுவது நம் கையில் இல்லை. ஆனால் லேப்டாப்பை மதிப்பாய்வு செய்கிறவர்கள் கிராஃபிக்ஸ் பெயருக்குப் பக்கத்தில் வாட்டையும் நினைவக அளவையும் சேர்த்துச் சொல்வதற்கு ஐந்து நொடிகூட ஆகாது. அதைத்தான் கேட்டேன், இனி ஒவ்வொரு காணொளிக்குக் கீழேயும் அதையே கேட்பேன்.