புதிதாக வருபவருக்கு மின்ட் போதும்

நம் லினக்ஸ் குழுவின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டீர்கள். உதவி கேட்டு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் என்ன கேட்டார் என்பதை மட்டும் ஒருவரும் எழுதவில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி தன் மடிக்கணினியில் இல்லை, நன்றாக ஓடும் கணினியைத் தூக்கிப் போட மனமில்லை, விண்டோஸுக்குப் பதிலாக எந்த வகை லினக்ஸ் போடலாம் என்றுதான் கேட்டார். அதற்கு, பயனரே ஒவ்வொன்றாக அமைத்துக்கொள்ள வேண்டிய ஆர்ச் லினக்ஸைப் போடச் சொல்லி, அதன் இணையக் கையேடான விக்கியைப் படித்துவிட்டு வரச் சொன்னோம். அவர் கணினியைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

புதிதாக வருபவருக்கு, பயன்படுத்த எளிதான லினக்ஸ் மின்ட்டைத்தான் சொல்ல வேண்டும். பென்டிரைவிலிருந்தே ஓட்டி, வட்டைத் தொடாமல், வைஃபையும் ஒலியும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளலாம். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. கணினியின் நிலையைச் சேமித்துவைக்கும் டைம்ஷிஃப்ட்டை முதல் நாளே அமைத்துவிட்டால், ஏதாவது கெட்டுப்போனாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

என் அத்தையின் பழைய மடிக்கணினியில் மின்ட்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டு, ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகத் தமிழ்99 விசைப்பலகை முறையை அமைத்துக் கொடுத்தேன். மகரத்தை இருமுறை தட்டியதும் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழுவதைப் பார்த்து, ‘அம்மா’ என்று மீண்டும் மீண்டும் அடித்துக்கொண்டே இருந்தார். இன்று மகளிர் குழுவின் தீர்மானங்களை லிப்ரே ஆபிஸில் அவரே அடிக்கிறார். கட்டளைகளை எழுதி இயக்கும் டெர்மினலை அவர் திறந்ததே இல்லை. திறக்க வேண்டிய தேவையும் வரவில்லை.

“எளிதாகக் கொடுத்தால் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள்” என்பீர்கள். கற்றுக்கொள்ள வேண்டும் என்று அந்த ஆசிரியர் உங்களிடம் கேட்டாரா? நீச்சல் பழக வந்தவரைக் கிணற்றின் நடுவில் தள்ளிவிட்டு, தத்தளித்தால்தான் பாடம் என்று சொல்வதற்கு நமக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆர்வம் உள்ளவர் மின்ட்டிலிருந்தும் டெர்மினலுக்குப் போவார். அதே டெர்மினல் அங்கேயும் இருக்கிறது. ஆர்ச்சை நான் குறை சொல்லவில்லை. என் மேசைக் கணினியில் ஓடுவதும் அதுதான். ஆனால் ஒவ்வொரு முறை புதுப்பிக்கும் முன்னும் ஆர்ச் தளத்தின் முகப்புப் பக்கத்துச் செய்திகளைப் பார்க்கும்படி ஆர்ச் விக்கியே சொல்கிறது. ஆர்ச்இன்ஸ்டால் என்ற நிறுவல் நிரல் நிறுவலை எளிதாக்கலாம். அதற்குப் பிறகு வரும் மாதங்களை எளிதாக்காது. விண்டோஸுக்கான டேலி கணக்கு மென்பொருள் இல்லாமல் முடியாது என்பவருக்கு மின்ட்டையும் நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு வலிப்பது வேறொன்று. கட்டற்ற மென்பொருள் எல்லோருக்கும் உரியது என்று மேடைதோறும் பேசுகிறோம். அந்த எல்லோரில் ஒருவர் கதவைத் தட்டினால் தகுதித் தேர்வு வைக்கிறோம். அன்றைய கூட்டத்தில் மின்ட்டைச் சொன்ன இளைஞரைப் பார்த்து, “நீயே இன்னும் மின்ட்தானா?” என்று நம்மவர் சிலர் எல்லோர் முன்னிலையிலும் சிரித்தார்கள். அந்தப் பையன் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. வந்தவர்களை இப்படித் துரத்திவிட்டு, தமிழ்நாட்டில் லினக்ஸ் வளரவில்லை என்று யாரிடம் போய் முறையிடுவது?

அடுத்த கூட்டத்தில் வாசலை ஒட்டிய மேசையில் மின்ட் பென்டிரைவ்கள் மட்டும் இருக்கட்டும். அங்கே உட்கார நானே வருகிறேன். ஆர்ச் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் உள்ளறையில் பேசலாம், அங்கும் நான் வருவேன்.