பொய்யான கடிதம் அல்ல, பழைய கடிதம்

அமெரிக்க ராணுவத்தில் எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். கூடப் பிறந்தவன் இல்லை, ஆனால் கூப்பிடாமலே வீட்டுக்கு வந்து நிற்கிற அளவுக்குத் தம்பி. மொழித் திறமை உள்ள வெளிநாட்டவரைப் படையில் சேர்த்து, கையோடு குடியுரிமையும் கொடுத்த 'மாவ்னி' என்ற திட்டம் 2009-ல் ஆள் எடுக்கத் தொடங்கியது. அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. அந்த வழியாக உள்ளே போனவன். (2016-ல் அந்தக் கதவை மூடிவிட்டார்கள்.)

போன மாதம் பன்னிரண்டு பக்கங்களை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, "அண்ணே, படிச்சுப் பார்த்துட்டு உள்ளதைச் சொல்லுங்க, மறைக்க வேண்டாம்" என்றான். அது ஒரு மனு. அவனுடைய பணிப்பதிவில் எட்டு வருடமாக உட்கார்ந்திருக்கும் ஒரு கண்டனக் கடிதத்தை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கும் மனு.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டினான், பிடிபட்டான். யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் தப்பு தப்புதான், அவனும் இல்லை என்று சொல்லவில்லை. குடித்து ஓட்டிப் பிடிபட்டவருக்கு ஜெனரல் பதவியில் இருப்பவர் எழுத்தில் கண்டனம் தரவேண்டும் என்று அங்கே விதியே இருக்கிறது. படையில் அந்தக் கடிதத்துக்குப் பெயர் 'கோமோர்'. யாருக்காவது கோமோர் வந்துவிட்டது என்றால் சாப்பாட்டு அறையில் பேச்சு நின்றுவிடுமாம்.

கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட அது எங்கே போய்ச் சேர்கிறது என்பதுதான் முக்கியம். இரண்டு இடம் உண்டு. ஒன்று, பிரிவு அலுவலகக் கோப்பு. குறிப்பிட்ட காலம் முடிந்தாலோ, சிப்பாய் வேறு தலைமையின் கீழ் மாறிப் போனாலோ அங்கிருந்து அது காணாமல் போய்விடும். இன்னொன்று நிரந்தரப் பணிப்பதிவு. அங்கே ஏறிவிட்டால் தானாக இறங்காது. எதில் வைப்பது என்று முடிவு செய்வது ஜெனரல். அதற்கு முன் சிப்பாய் தன் தரப்பை எழுதிக் கொடுக்கலாம், பொதுவாக ஏழு நாள் அவகாசம். அந்த ஏழு நாளில் அவன் எழுதிக் கொடுத்ததும் கடிதத்தோடு சேர்ந்தே பதிவில் ஏறும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எனக்கு உறுத்துவது என்னவென்றால், சின்னக் குற்றங்களுக்கு 'ஆர்ட்டிகிள் 15' என்று ஒரு தண்டனை முறையும் அதே ராணுவத்தில் இருக்கிறது. அதில் சம்பளத்தைப் பிடிக்கலாம், பதவியைக்கூடக் குறைக்கலாம். ஆனால் சிப்பாய் அதை ஏற்க மறுத்து, "எனக்கு ராணுவ நீதிமன்ற விசாரணையே வேண்டும்" என்று கேட்கலாம். சந்தேகத்துக்கு இடமில்லாமல் குற்றம் நிரூபணம் ஆகவேண்டும். கீழ்நிலைச் சிப்பாய்களுக்குத் தரப்படும் ஆர்ட்டிகிள் 15 தாள் பிரிவு அலுவலகத்தைத் தாண்டாது, இரண்டு வருடத்தில் அழித்துவிடுவார்கள்.

கண்டனக் கடிதத்துக்கு இதெல்லாம் கிடையாது. ஏனென்றால் அது தண்டனையே இல்லையாம், நிர்வாக நடவடிக்கையாம். அதனால் மறுக்க உரிமை இல்லை, விசாரணை இல்லை, 'நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம்' என்கிற அளவுக்கு ஆதாரம் இருந்தால் போதும். தண்டனைத் தாளைக் கிழித்துப் போட்ட பிறகும் தண்டனை அல்லாத இந்தத் தாள் அப்படியே இருக்கும்.

இருந்தால் என்ன, வேலையை விட்டா அனுப்பிவிட்டார்கள் என்று கேட்கலாம். உடனே அனுப்பவில்லை, அப்போது சார்ஜென்ட்டாக இருந்தவன் அதற்குப் பிறகு ஸ்டாஃப் சார்ஜென்ட் ஆனான். அதுவரை புள்ளிகளைச் சேர்த்து ஏறலாம். அதற்கு மேல் மையத் தேர்வுக் குழுதான். முகம் தெரியாதவர்கள் உட்கார்ந்து ஒவ்வொருவரின் பதிவையும் புரட்டுவார்கள், நல்ல பதிவுகள் ஆயிரக்கணக்கில் குவிந்திருக்கும்போது ஜெனரல் கையெழுத்திட்ட கண்டனம் உள்ள ஒன்றை எதற்குக் கையில் எடுக்கப் போகிறார்கள்? மூன்று முறை இவன் பெயர் வரவில்லை. போதாததற்கு, இப்படிப்பட்ட தாள் உள்ள மூத்த சார்ஜென்ட்டுகளைத் தனியாகப் பிரித்து, இவரை வைத்திருக்கலாமா வீட்டுக்கு அனுப்பலாமா என்று பார்க்கும் ஒரு தணிக்கையும் இருக்கிறது.

சரி, மனுவுக்கு வருகிறேன். அதை 'டாசெப்' என்று சொல்லப்படும் ஒரு குழுவுக்கு அனுப்ப வேண்டும். நேரில் போய் நிற்க முடியாது, தாள்களை மட்டும் வைத்து முடிவெடுப்பார்கள். அங்கே கேட்கக்கூடியவை இரண்டு. முதலாவது, கடிதத்தை அடியோடு நீக்குங்கள் என்பது. அதற்குக் கடிதம் முழுவதுமோ ஒரு பகுதியோ பொய் அல்லது அநியாயம் என்று காட்டவேண்டும். பதிவில் ஏறிய நிமிடத்திலிருந்து அது சரியான கடிதம் என்றே எடுத்துக்கொள்வார்கள், மாற்றிச் சொல்ல வலுவான, தெளிவான ஆதாரம் வேண்டும். இரண்டாவது, கடிதம் வந்த வேலையைச் செய்து முடித்துவிட்டது, இனி அதைத் தேர்வுக் குழுக்கள் சாதாரணமாகப் பார்க்காத கட்டுப்பாட்டுப் பகுதிக்கு மாற்றுங்கள் என்பது. இதற்குக் குறைந்தது ஒரு வருடமாவது கழிந்திருக்க வேண்டும், அதற்குள் ஒரு பணி மதிப்பீட்டு அறிக்கையாவது வந்திருக்க வேண்டும், மாற்றுவது ராணுவத்துக்கும் நல்லது என்று காட்டவேண்டும்.

நம்ம ஆள் என்ன செய்திருந்தான் தெரியுமா? முதல் ஏழு பக்கம் சண்டை. மூச்சுச் சோதனைக் கருவியைச் சரிபார்த்த சான்று எங்கே, என்னை நிறுத்தியதற்குக் காரணமே சரியில்லை, அப்போதைய மேலதிகாரிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. எட்டாம் பக்கத்திலிருந்து உருக்கம். அன்றிலிருந்து ஒரு சொட்டுக் குடித்ததில்லை, ஒவ்வொரு நாளும் வருந்துகிறேன், புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு என் கதையையே பாடமாகச் சொல்கிறேன். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் 'நான் செய்யவில்லை', 'செய்ததற்கு வருந்துகிறேன்' இரண்டையும் ஒரே உறையில் போட்டு அனுப்பினால் படிக்கிறவர் எதை நம்புவார்? அதைவிட முக்கியம், எட்டு வருடத்துக்கு முன் அந்த ஏழு நாளில் "முழுப் பொறுப்பையும் ஏற்கிறேன்" என்று இவன் எழுதிக் கொடுத்த தாள் அதே பதிவில் பத்திரமாக இருக்கிறது.

"முதல் ஏழு பக்கத்தைக் கிழித்துப் போடு" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நாலு பக்கமாகச் சுருங்கி வந்தது.

அவன் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஏழு பக்கம் சண்டை போட்டதற்குக் காரணம் அவன் பொய்யன் என்பதல்ல. முழுதாக நீக்க வேண்டுமென்றால் கடிதம் தப்பு என்று சொல்வதைத் தவிர வழியில்லை. 'நான் செய்தேன், திருந்திவிட்டேன்' என்பவனுக்குக் கிடைப்பது கடிதத்துக்குப் பக்கத்து அறைக்கு, அதாவது அந்தக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு, இடமாற்றம் மட்டுமே. அதுவும் முன்தேதியிட்டுக் கிடைக்காது: ஏற்கெனவே தவறிப்போன பதவி உயர்வுகளை மறுபடி பரிசீலிக்க அந்த மாற்றம் காரணம் ஆகாது. உண்மையை ஒப்புக்கொண்டவனுக்குச் சின்னக் கதவு, மறுத்துப் பார்க்கிறவனுக்குப் பெரிய கதவு. விதியை எழுதியவர்கள் இதை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் சிப்பாய்களுக்கு அது கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

இந்த இடத்தில் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையை நடத்திய ஜெனரல் பேட்டன் நினைவுக்கு வருகிறார். 1943 ஆகஸ்ட், சிசிலி. ராணுவ மருத்துவமனைகளில் போர்ப் பயத்தால் உடைந்துபோய்க் கிடந்த இரண்டு சிப்பாய்களை ஒரு வார இடைவெளியில் கன்னத்தில் அறைந்தார். அதில் ஒருவருக்கு மலேரியா இருந்தது பின்னால் தெரிந்தது. அவருடைய மேலதிகாரி ஜெனரல் ஐசன்ஹோவர் கடுமையான கண்டனக் கடிதம் எழுதினார், மன்னிப்புக் கேட்கவும் வைத்தார். ஆனால் அந்தக் கடிதத்தைப் பேட்டனின் அதிகாரபூர்வப் பதிவில் ஏற்றவில்லை, தன்னுடைய ரகசியக் கோப்பிலேயே வைத்துக்கொண்டார். நவம்பரில் விஷயம் வானொலியில் கசிந்து நாடே கொதித்தது வேறு கதை. அடுத்த வருடம் அதே பேட்டன் மூன்றாம் படையை நடத்திக்கொண்டு பிரான்சைக் கடந்தார்.

ஐசன்ஹோவர் செய்தது தவறு என்று நான் சொல்லவரவில்லை. ஒரு மனிதனைத் திருத்துவதற்கும், ஒரே தாளால் அவனுடைய முழு வாழ்க்கையையும் கட்டிப்போடுவதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரிந்திருந்தது. அதே வித்தியாசத்தைப் பார்க்கும் அதிகாரம் இன்றைக்கும் கையெழுத்துப் போடுகிற ஒவ்வொரு ஜெனரலிடமும் இருக்கிறது, பிரிவுக் கோப்பு என்று ஒன்று இருப்பதே அதற்குத்தான். அந்தப் பார்வை கிடைக்குமா என்பது யார் கையில் மாட்டினோம் என்பதைப் பொறுத்தது. என்னால் ஒத்துக்கொள்ள முடியாதது அதுதான்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நிரந்தரப் பதிவில் ஏற்றும்போதே ஒரு தேதி போடுங்கள். ஐந்து வருடமோ ஏழு வருடமோ. அந்தத் தேதி வந்ததும் ராணுவமே கடிதத்தை வெளியே எடுத்து, நடுவில் வேறு ஏதாவது நடந்திருக்கிறதா என்று பார்க்கட்டும். ஒன்றும் இல்லையென்றால் தானாகக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு மாறட்டும். சிப்பாய் மனு எழுதிக் கெஞ்ச வேண்டாம். இப்போதைய முறையில் ஜெயிப்பது யார்? நன்றாக எழுதத் தெரிந்தவரும், தனியார் வக்கீலுக்குக் காசு கொடுக்க முடிந்தவரும். இவனுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. தமிழ் தெரியும் என்பதற்காகச் சேர்த்துக்கொண்ட ராணுவம், ஆங்கிலத்தில் எவ்வளவு உருக்கமாக எழுதுகிறான் என்று பார்த்து அவன் எதிர்காலத்தை முடிவு செய்கிறது.

"குடித்து ஓட்டியவனை மறந்துவிட்டு நாளைக்கு என் பிள்ளையை அவன் கீழே அனுப்பச் சொல்கிறாயா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. பாலியல் தொல்லை, கீழே இருப்பவர்களை அடித்தது போன்றவற்றுக்குத் தேதி போடச் சொல்லவே மாட்டேன், அவை பதிவிலேயே கிடக்கட்டும். இரண்டாம் முறை குடித்து ஓட்டியவனுக்கும் இது பொருந்தாது. ஒரு முறை தவறி, எட்டு வருடம் ஒழுங்காக நின்றவனைப் பற்றித்தான் பேசுகிறேன். அவன் கீழே என் பிள்ளையை அனுப்புவேன், தயக்கமில்லாமல்.

டாசெப் மறுத்தால் அதற்கு மேலும் ஒரு குழு இருக்கிறது, உறுப்பினர்கள் ராணுவத் துறையின் சிவிலியன்கள். ஒரு காலத்தில் அதுகூடக் கிடையாது. பதிவில் ஒரு பிழையைத் திருத்த நாடாளுமன்ற உறுப்பினரைப் பிடித்து, தனி ஒருவனுக்காகத் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தச் சட்டங்கள் குவிந்து தாங்க முடியாமல் 1946-ல்தான் அந்த வழியை அடைத்து இந்தக் குழுக்களுக்கு வழி செய்தார்கள். பிழையைக் கண்டுபிடித்து மூன்று வருடத்துக்குள் போகவேண்டும், நீதி கருதித் தாமதத்தை மன்னிக்கலாம்.

மனுவோடு ஆதரவுக் கடிதங்கள் வைக்கலாம். கண்டனத்தில் கையெழுத்துப் போட்டவரே எழுதிக் கொடுத்தால் அதற்கு நல்ல எடை உண்டு. "அவருக்கு எழுதிப் பாரேன்" என்று சொன்னபோது இவனுக்கு முகமே மாறிவிட்டது. அந்த ஜெனரல் ஓய்வு பெற்றுவிட்டார். எட்டு வருடமாக ஒவ்வொரு தேர்வுப் பட்டியல் வரும்போதும் அவர் கையெழுத்துதான் கண்ணில் நின்றது என்கிறான். ஒரு வாரம் எழுதி எழுதி அழித்து, கடைசியில் எட்டு வரியில் ஒன்றை அனுப்பினான்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான பதில். அவருக்கு இவனை நினைவே இல்லை. பெயரைப் பார்த்தும் ஞாபகம் வரவில்லை, அந்தப் பதவியில் இருந்தபோது இப்படி நிறையக் கடிதங்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று நேர்மையாகவே எழுதியிருந்தார். கடிதத்தின் நகலையும் அதற்குப் பின் வந்த மதிப்பீட்டு அறிக்கைகளையும் அனுப்பச் சொன்னார். படித்துவிட்டு, மாற்றலாம் என்று அரைப் பக்கம் எழுதித் தந்தார்.

அந்த அரைப் பக்கத்தை எனக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினான். முடித்துவிட்டு, "அவருக்கு ஞாபகமே இல்லையாம்ணே" என்றான். சந்தோஷமா வருத்தமா என்று குரலில் பிடிபடவில்லை.

மனு போய்விட்டது, முடிவு இன்னும் வரவில்லை. ஒரு வேண்டுகோள்: மாதிரி மனு கேட்டு உள்பெட்டிக்கு வராதீர்கள். இவன் மனு இவனுக்குத்தான் பொருந்தும், நான் வக்கீலும் இல்லை. படையில் இருப்பவர்களுக்கு ராணுவ வக்கீல்கள் காசில்லாமல் ஆலோசனை சொல்கிறார்கள், முதலில் அங்கே போங்கள். போவதற்கு முன் அந்த ஏழு நாளில் நீங்கள் என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்பதை ஒரு முறை எடுத்துப் படித்துவிடுங்கள்.