இரண்டு வகைக்குள் அடங்குமா?
அரசமைப்புச் சட்டங்களை ‘மதச்சார்பற்றவை’, ‘அரச மதம் உடையவை’ என்று கட்டுரையாளர் இரண்டே வகையாகப் பிரித்திருப்பது எனக்கு உடன்பாடாக இல்லை. வங்கதேசத்தை எதில் சேர்ப்பது? 1972-இல் மதச்சார்பின்மையை அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றாக ஏற்ற அந்நாட்டு அரசமைப்பு, எழுபதுகளின் பிற்பகுதியில் இராணுவ ஆட்சியின்போது அச்சொல்லை இழந்து, 1988-இல் இஸ்லாத்தை அரச மதமாக்கி, 2011-இல் அந்த ஏற்பாட்டை நீக்காமலேயே மதச்சார்பின்மையையும் மீட்டுக்கொண்டது. நேபாளமோ, 2015-ஆம் ஆண்டு அரசமைப்பில் தன்னை மதச்சார்பற்ற நாடு என அறிவித்த கையோடு, தொன்றுதொட்டு வரும் சமயத்தையும் பண்பாட்டையும் பாதுகாப்பதும் அச்சொல்லின் பொருளில் அடங்கும் என்று விளக்கம் சேர்த்தது (சொல்லைவிட விளக்கத்துக்கே இங்கு எடை அதிகம்). இலங்கையின் 1978 அரசமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் அளிக்கிறது. ஆனால் அதை அரச மதம் என்று பெயரிட்டுச் சொல்வதில்லை.