பெரிய வாளைக்குப் பெரிய செலவு எதற்கு?

போன வாரம் எங்கள் தெருப் பையன் ஒருவன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன், "அண்ணே, 12,000 ரூபாய் தூண்டில் செட் இல்லாம வாளை மீன் பிடிக்கவே முடியாதாமே?" என்று கேட்டான். கைபேசியில் ஏதோ வீடியோ பார்த்திருக்கிறான். அம்மா மகளிர் குழுவில் எடுத்த கடனில் கொஞ்சம் கேட்கலாமா என்ற யோசனை வேறு. கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

என்னுடைய ராடும் (தூண்டில் கோல்) ரீலும் (நரம்பு சுற்றும் உருளை) சேர்ந்தே 1,100 ரூபாய்தான். ஆறடி ராட், உள்ளங்கையில் அடங்கும் ரீல், 0.30 மில்லிமீட்டர் நைலான் நரம்பு 100 மீட்டர். ஆறு கிலோ தாங்கும் என்று நரம்பு உறையில் போட்டிருந்தது. இதை வைத்துத்தான் இரண்டு வருஷத்துக்கு முன், தை மாதக் கடைசியில், திருமானூர் பாலத்துக்குக் கிழக்கே கொள்ளிட மடுவில் ஒரு வாளையைக் கரையேற்றினேன். கறிக்கடைத் தராசில் 9 கிலோ நின்றது. (கடலில் கிடைக்கும் பட்டை வாளை இல்லை. மீசையும் அகன்ற வாயும் உள்ள நம் ஆற்று வாளை.)

ஆறு கிலோ நரம்பில் ஒன்பது கிலோ மீனா என்று கேட்பீர்கள். கிணற்றில் தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது புரியும். குடம் தண்ணீருக்குள் இருக்கிறவரை கனமே தெரியாது, மேலே வந்ததும்தான் கயிறு கையை அறுக்கும். மீனும் அப்படித்தான். தண்ணீருக்குள் அதன் எடை நரம்புக்குத் தெரியாது, அது இழுக்கிற இழுப்பு மட்டும்தான் தெரியும். அந்த இழுப்புக்கு விட்டுக்கொடுத்தால் நரம்பு அறாது. மல்லுக்கு நின்றால் எவ்வளவு தடித்த நரம்பும் ஏதாவது ஒரு முடிச்சில் போய்விடும்.

எங்கள் சித்தப்பாவிடம் ராடே கிடையாது. ஒரு கட்டையில் நரம்பைச் சுற்றி வைத்துக்கொண்டு, விரலிடுக்கில் நழுவவிட்டே பெரிய பெரிய கெளுத்திகளைப் பிடித்தவர். "அது ஓடுறப்ப விடு, நின்னா சுத்து" என்பார், அவ்வளவுதான். அவர் விரல் செய்த வேலையைத்தான் ரீலில் டிராக் (எவ்வளவு இழுத்தால் நரம்பு நழுவ வேண்டும் என்று இறுக்கி வைக்கும் திருகு) செய்கிறது. அதைச் சரியாக வைக்கத் தெரியாமல்தான் பலர் மீனை விட்டுவிட்டு, நரம்பு மெல்லிசு என்று கடைக்காரரிடம் போய் நிற்கிறார்கள்.

டிராக் வைக்க நான் செய்வது இது. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலில் கழுத்துவரை தண்ணீர் நிரப்பினால் ஏறக்குறைய இரண்டு கிலோ. அதன் கழுத்தில் நரம்பைக் கட்டி, ரீலை நேராகப் பிடித்துத் தூக்குவேன். பாட்டில் தரையை விட்டு எழும்புகிற அந்த நேரத்திலேயே ரீல் 'கிர்ர்' என்று நழுவ வேண்டும். ஆறு கிலோ நரம்புக்கு அந்த இரண்டு கிலோ போதும். மிச்சம், முடிச்சில் குறையும் பலத்துக்கும் மீன் திடீரென்று வெட்டி இழுப்பதற்கும் இருக்கட்டும். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு இறுக்குங்கள். உலர்ந்த நைலான் இறுக்கும்போது சூடேறி அந்த இடத்திலேயே பலம் போய்விடும். வெயிலில் கிடந்த பழைய நரம்பை வருஷத்துக்கு ஒருமுறை தூக்கிப் போட்டுவிடுங்கள். செலவு செய்ய வேண்டியது இதற்குத்தான், ராடுக்கு இல்லை.

வாளையின் வாயில் அரம்போல் பொடிப்பல் வரிசை இருக்கும், மெல்லிய நரம்பைத் தேய்த்தே அறுத்துவிடும். அதனால் தூண்டில் முள்ளுக்கு மேல் ஒரு முழம் மட்டும் தடித்த நரம்பு. நரம்பில் கோக்கும் ஈயக் குண்டு, நடுவில் துளையுள்ளதாக இருக்க வேண்டும். மீன் இரையை எடுத்துக்கொண்டு போகும்போது நரம்பு அந்தத் துளை வழியாக ஓடும், கனம் மீனுக்குத் தெரியாது. இரைக்குக் கோழிக்குடல் போதும், சின்னக் கெண்டை கிடைத்தால் இன்னும் நல்லது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். மேட்டூர் அணையை வழக்கம்போல் ஜனவரி 28-ல் மூடினால், கொஞ்ச நாளில் கொள்ளிடம் மணலும் மடுவுமாகப் பிரிந்துவிடும். மீனெல்லாம் மடுவில் ஒதுங்கும். பொழுது சாய்ந்து ஏழரை மணி இருக்கும். ராடு நுனியில் கட்டியிருந்த சலங்கை ஒருமுறை ஒலித்து நின்றது. அப்புறம் நரம்பு தானாக ஓட ஆரம்பித்தது. மூன்று எண்ணி இழுத்தேன். கல்லில் மாட்டியது போல ஒரு நொடி அசைவில்லை. பிறகு நாற்பது மீட்டருக்கு மேல் ஒரே ஓட்டம். நான் ஓடுகிற மீனோடு கரையில் நடந்தேன், அவ்வளவுதான் செய்தேன். நின்றபோது சுற்றினேன், ஓடியபோது விட்டேன். முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கடைசியில் கரையோரத் தெளிதண்ணீரில் டார்ச் வெளிச்சம் பட்டு அதன் வெள்ளை வயிறு தெரிந்தபோது எனக்குக் கால் நடுங்கியது. நரம்பைப் பிடித்துத் தூக்கவில்லை. சாய்ந்த மணலில் மெதுவாக வழுக்க வைத்து, நனைத்த துண்டை வாலடியில் சுற்றி இழுத்தேன். வாய்க்குள் விரலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எல்லா இடத்துக்கும் இது சரிவரும் என்று சொல்லமாட்டேன். காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்த வாய்க்காலில், வேர் தொங்கும் கரையோரத்தில் மெல்லிய நரம்பு போட்டால் மீன் முதல் ஓட்டத்திலேயே புதருக்குள் போய்விடும். முள் வாயிலேயே தங்கி அது சாகும், அது பாவம். அங்கே தடித்த நரம்பும் கைத்தூண்டிலும்தான் சரி. திறந்த மணல் மடுவில்தான் மெல்லிய நரம்பு. அதேபோல் அணைக்கரைப் பக்கம் போகிறவர்கள் தண்ணீரில் இறங்கி நிற்க வேண்டாம், அங்கே முதலை உண்டு. இருட்டில் ஓரத்தில் உட்காரக்கூட வேண்டாம்.

இன்னொன்று, இதுதான் எனக்கு ரொம்ப வலிக்கிறது. பேட்டரியும் இன்வெர்ட்டரும் கொண்டுவந்து மடுவில் கரண்ட் விடுகிறார்கள். விரல் நீளக் குஞ்சு முதல் தாய் மீன் வரை எல்லாம் மிதக்கும். நான் கண்ணால் பார்த்தேன். வாளை இன்று உலக அளவிலேயே அழியவாய்ப்புள்ள இனமாகச் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. நூறு குஞ்சுகளில் எத்தனை வளர்ந்து ஒன்பது கிலோ ஆகும்? அன்று நான் பிடித்ததைக் குழம்பு வைத்துத் தெருவுக்கே கொடுத்தேன், அதில் எனக்குக் குற்ற உணர்வு இல்லை. ஆனால் புதுத்தண்ணீர் வந்து மழை பிடிக்கும் மாதங்களில் வயிறு உப்பிய மீன் மாட்டினால் இப்போதெல்லாம் விட்டுவிடுகிறேன். விடுவதாக இருந்தால் ரொம்ப நேரம் களைக்க வைக்கக்கூடாது, உச்சி வெயிலில் சூடான தண்ணீரில் பிடிக்கவும் கூடாது. முள்ளை எடுத்து, தண்ணீருக்குள்ளேயே வாலைப் பிடித்து நிறுத்தி, தானாக உதறிக்கொண்டு போகிறவரை காத்திருக்க வேண்டும்.

அந்தப் பையனிடம் கடன் பேச்சை விடச் சொல்லிவிட்டேன். என்னிடம் இன்னொரு பழைய ராடு இருக்கிறது. புது நரம்பு ஒரு சுருளும் துளை ஈயம் நாலும் மட்டும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்புகிறோம், பாட்டிலில் தண்ணீர் நிரப்பி அவனே டிராக் வைக்கட்டும்.