சேர்ந்து கட்டினால் வீட்டுப் பணம் நின்றுவிடுமா?

"பயனாளிகள் கூட்டுச் சேர்ந்து கட்டினால் மானியம் ரத்து, கான்ட்ராக்டரிடம்தான் கொடுக்க வேண்டும்" என்று உசிலம்பட்டி, சேடபட்டி பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. பொய்.

பிரதமரின் கிராமப்புற வீட்டுத் திட்டத்தில் வீட்டைப் பயனாளிதான் கட்டவேண்டும், கான்ட்ராக்டருக்குத்தான் இதில் வேலையில்லை. சமவெளியில் ஒன்றிய, மாநில அரசுகளின் பங்காக வீட்டுக்கு 1,20,000 ரூபாய், தவணை தவணையாக அவரவர் வங்கிக் கணக்கில் ஏறும். வீடு குறைந்தது 25 சதுர மீட்டர் இருக்கவேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தந்த வீட்டைத் தனியாகப் போட்டோ எடுப்பார்கள்.

மற்றபடி நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து செங்கல், எம்-சாண்ட் லோடு இறக்கலாம். ஒரே கொத்தனாரை வைத்துக்கொண்டு, மாற்றி மாற்றிச் சித்தாள் வேலை பார்க்கலாம். வண்டி வாடகையாவது மிச்சம். சரி, இந்தப் புரளியால் யாருக்கு லாபம்? கமிஷன்காரருக்கு. "நானே கட்டித் தர்றேன்" என்று வருபவரிடம் பாஸ்புக்கைக் கொடுக்காதீர்கள். சந்தேகமென்றால் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேளுங்கள்.