ஐந்தாம் வேற்றுமை எங்கே போனது?

“கோதிக்கா? அது கிரேக்கத்தைப் பார்த்து எழுதின நகல்தானே” என்று மொழியியல் படித்தவர்களே சொல்லும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை.

கோதிக் என்பது வழக்கொழிந்துபோன ஒரு பழைய ஜெர்மானிய மொழி. 4ஆம் நூற்றாண்டில் ஆயர் உல்ஃபிலா கிரேக்க பைபிளை அதில் மொழிபெயர்த்தார். அதற்காக எழுத்துகளையே உருவாக்கினார். ஊதாத் தோலில் வெள்ளியும் பொன்னுமாய் எழுதிய 6ஆம் நூற்றாண்டுப் பிரதி ஒன்று ஸ்வீடனில், உப்சாலா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சொல்வரிசை பெரும்பாலும் கிரேக்கத்தை ஒட்டியே போகும், மறுக்கவில்லை. ஆனால் வேற்றுமைகளைப் பாருங்கள்.

யோவான் 14:28, ‘என் பிதா என்னிலும் பெரியவர்’. கிரேக்கத்தில் ‘மெய்ஸோன் மூ’. இந்த ‘மூ’ ஆறாம் வேற்றுமை, வேறிடத்தில் வந்தால் ‘என்னுடைய’ என்று பொருள். கோதிக்கில் ‘மைஸா மிஸ்’. ‘மிஸ்’ என்றால் ‘எனக்கு’, நான்காம் வேற்றுமை. வரிசை அதேதான், வேற்றுமை மட்டும் மாறிவிட்டது. (அந்த வசனத்தில் பிதாவுக்குக் கோதிக் சொல் ‘அத்தா’! நம் அத்தனோடு உறவில்லை, குழந்தை வாயில் எங்கும் வரும் சொல். இருந்தாலும் பார்த்ததும் சிலிர்த்தது.)

அப்புறம் பரமண்டல ஜெபம். ‘தீமையினின்று’ என்பதற்குக் கிரேக்கத்தில் ‘அப்போ’ என்ற முன்னிடைச்சொல்லும் ஆறாம் வேற்றுமையும். கோதிக்கில் ‘அஃப் தம்மா உபிலின்’, மறுபடியும் நான்காம் வேற்றுமை.

தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இது சட்டென்று பிடிபடும். ‘மலையின் வீழ் அருவி’ நீங்கல், ‘காக்கையின் கரிது களாம்பழம்’ ஒப்பு. இரண்டும் நமக்கு ஐந்தாம் வேற்றுமை. கிரேக்கத்துக்கும் கோதிக்குக்கும் பொதுவான மூலமொழியில் எட்டு வேற்றுமைகள் இருந்தன என்று மீட்டுருவாக்கியிருக்கிறார்கள். அங்கும் நீங்கலும் ஒப்பும் ஒரே வேற்றுமைதான். பிற்பாடு கிரேக்கம் அதை ஆறாவதோடு சேர்த்துக்கொண்டது, கோதிக் நான்காவதோடு. கருவிப் பொருளும் இடப்பொருளும் இரண்டிலுமே பெரும்பாலும் நான்காவதில் போய்ச் சேர்ந்தன. கடைசியில் விளியோடு சேர்த்து இரண்டிலும் மிஞ்சியது ஐந்துதான். எண்ணிக்கையை வைத்து எது வளமானது என்று சண்டை போடுவது வீண். தொலைந்த வேற்றுமையின் வேலையை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டால்தான் மொழி பேசத் தொடங்கும்.

மாற்கு 1:32, ‘சாயங்காலமானபோது’. அங்கே கிரேக்கத்தில் பெயரும் எச்சமும் ஆறாம் வேற்றுமையில் நிற்கின்றன. உல்ஃபிலா அந்த அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டார், ஆனால் இரண்டு சொல்லையும் நான்காம் வேற்றுமையில் வைத்தார். நகல் எடுப்பவர் அப்படிச் செய்யமாட்டார்.